நீங்கிய சொல், மாறிய சொல்: அமெரிக்கப் பாடநூல்களில் பரிணாமம்

2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த இயல் ‘மரபுவழி’ என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைக்கவே இந்த மாற்றம் என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தடைச்சட்டமும் இல்லை, வழக்கும் இல்லை. ஒரு சொல் போயிற்று, அவ்வளவுதான். பரிணாமக் கல்வியின் அரசியலை நீதிமன்றத் தீர்ப்புகளின் வரிசையாக எழுதுவதே வழக்கம். பாடநூல் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொரு வரலாறு புலப்படும். அதற்கு அமெரிக்காவில் சான்றுகள் ஏராளம்.

1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் பட்லர் சட்டத்தை இயற்றியது. மனிதன் கீழ்நிலை விலங்குகளின் வழிவந்தவன் என்று அரசு நிதி பெறும் பள்ளிகளில் கற்பிப்பது குற்றமாயிற்று. ஆனால் அதே அரசு பள்ளிகளுக்கு விதித்திருந்த நூலான ஜார்ஜ் வில்லியம் ஹன்டரின் ‘எ சிவிக் பயாலஜி’யில் (1914) பரிணாமம் இருந்தது. அரசு தந்த நூலை நடத்தினால் அரசின் சட்டத்தை மீற வேண்டியதுதான். சட்டத்தைச் சோதிக்க முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்பதாக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் அறிவித்தது. ஊருக்கு நல்ல விளம்பரம் கிடைக்குமே என்று டேட்டன் நகரப் பிரமுகர்கள் ஒரு மருந்துக்கடையில் கூடி, ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரைச் சம்மதிக்க வைத்தார்கள். வழக்குக்குக் காரணமான பாடநூலும் அதே கடையில்தான் விற்பனையில் இருந்தது!

அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் ஸ்கோப்ஸ் தரப்பில் கிளாரன்ஸ் டாரோவும் மோதிய அந்த விசாரணை 100 டாலர் அபராதத்தில் முடிந்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி அல்ல, ஜூரியே விதிக்க வேண்டும் என்று கூறி 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்டமோ 1967 வரை உயிரோடிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹன்டரின் நூல் மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது, இனமேம்பாட்டுவாதத்தையும் போதித்தது. டார்வினியத்தின் பெயரால் வலியவர் எளியவரை நசுக்குவார்கள் என்ற அச்சமும் பிரையனின் எதிர்ப்பில் கலந்திருந்தது. அந்த விசாரணையை வைத்துப் பின்னாளில் வந்த நாடகமும் திரைப்படமும் அவரை வெறும் மூடராகக் காட்டியதால் இந்தச் சிக்கல் பொதுநினைவிலிருந்து மறைந்துவிட்டது.

நீதிமன்றம் கலைந்த பிறகு பதிப்பகங்கள் தாமாகவே எழுதுகோலை எடுத்தன. ஹன்டரின் 1926ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் ‘பரிணாமம்’ என்ற சொல்லே இல்லை. ட்ரூமன் மூனின் ‘பயாலஜி ஃபார் பிகினர்ஸ்’ (1921) முகப்பில் டார்வின் படம் இருந்தது. 1926 பதிப்பில் அந்த இடத்துக்கு மனிதச் செரிமான மண்டலத்தின் படம் வந்தது. தென்மாநிலங்கள் சில, மாநிலம் முழுமைக்கும் ஒரே நூலைத் தேர்ந்து மொத்தமாக வாங்கின. அந்தச் சந்தையை இழக்கப் பதிப்பாளர் எவரும் விரும்பவில்லை. தடைச்சட்டம் இல்லாத மாநிலத்துப் பிள்ளைகளும் அதே நூலைத்தான் படித்தார்கள். பரிணாமம் அடியோடு மறைந்தது என்ற பழைய முடிவு மிகை என்று பிற்கால ஆய்வுகள் திருத்தியுள்ளன. எல்லா தியா ஸ்மித்தின் ‘எக்ஸ்ப்ளோரிங் பயாலஜி’ (1938) அதை வெளிப்படையாகவே பேசியது. ஆனாலும் தயக்கம் பரவலாக இருந்ததை மறுப்பதற்கில்லை.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு அறிவியல் கல்வியில் பணத்தைக் கொட்டியது. அந்த நிதியில் உருவான பி.எஸ்.சி.எஸ். உயிரியல் நூல்கள் 1963இல் பரிணாமத்தை மையத்தில் வைத்தன. 1965இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிகள் பரிணாமம் அடங்கிய புதிய நூலொன்றை ஏற்றபோது, ஆர்கன்சாவின் 1928ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் விலக்கப்படாமலே இருந்தது. நாற்பதாண்டுக்கு முந்தைய டேட்டன் சிக்கல் அப்படியே திரும்பியது. ஆசிரியை சூசன் எப்பர்சன் தொடுத்த வழக்கில் 1968இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

தடுக்க முடியாது என்றானதும், பரிணாமத்துக்கு இணையாகப் ‘படைப்பு அறிவியல்’ கற்பிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. லூசியானாவின் அத்தகைய சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது.

இரண்டே ஆண்டில் ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற நூல் வெளிவந்தது. அது பேசியது படைப்பை அல்ல, ‘அறிவார்ந்த வடிவமைப்பை’. 2004இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் அதைத் துணைநூலாக மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டியது. பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு மதக்கருத்தே, அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்கு வலுச்சேர்த்தவை நூலின் பழைய கைப்படிகள். 1987 தீர்ப்புக்கு முந்தைய படிகளில் ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்றிருந்த இடங்களில் பிந்தைய படிகள் ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’ என்றன. வரையறை வாக்கியம் ஏறக்குறைய மாறவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் மாற்றியவரின் கை தவறியிருந்தது. பழைய சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்துகளும் நீங்காமல், புதிய சொல்லின் இரு முனையிலும் ஒட்டிக்கொண்டு நின்றன.