தோள்சீலை வரலாறும் நம் பள்ளிப் பிள்ளைகளும்

யோர்தானிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்பட்டதன் நோக்கத்தை யோசுவா 4ஆம் அதிகாரம் விளக்குகிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்பார்கள். தகப்பன்மார் விடை கூற வேண்டும். வரலாற்றுக் கல்வி பிள்ளையின் கேள்வியில் தொடங்குவதாகத் திருமறை காட்டுவது சிந்திக்கத்தக்கது. நம் பள்ளிகளில் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள மாணவருக்கு வரலாறு பெரும்பாலும் ஆண்டுகளின் அட்டவணையாகவே வந்து சேருகிறது. கேள்வி எழுப்பக்கூடிய பகுதிகளோ எளிதில் விலக்கப்படுகின்றன.

மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய அதிகாரத்தில், தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. நாடார் சமூகத்தைப் பற்றிய சில கூற்றுகளுக்கு எதிர்ப்பு எழுந்தபின், அப்பகுதியிலிருந்து தேர்வில் வினா கேட்கப்படாது என 2016இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் அவ்வதிகாரமே நீக்கப்பட்டது. கூற்றில் பிழை இருப்பின் திருத்தலாம். நிகழ்ச்சியையே மறக்கச் செய்வது திருத்தமாகாது.

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடாதிருப்பது மேற்சாதியினருக்குக் காட்டும் மரியாதையாகக் கருதப்பட்டது. லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்த நாடார் பெண்கள் மேனியை மூடலாயினர். கர்னல் மன்றோ திவானாயிருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. மேற்சாதிப் பெண்களின் தோள்சீலை மறுக்கப்பட்டது. அவர்களோ குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் அணிந்தனர். 1822 முதல் அவர்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டனர். பின்னர் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரசின் பிரகடனம் தோள்சீலையை மீண்டும் தடைசெய்தது. 1858இல் கலகம் மறுபடியும் மூண்டது. சென்னை கவர்னர் டிரவெல்யன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் மற்றொரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும் மேனியை மூடிக்கொள்ளலாம். ஆனால் மேற்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்பதே அதன் சாரம்.

இந்த ஒரு பிரகடனமே ஒரு பாடவேளைக்குப் போதுமானது. அரசு எதைக் கொடுத்தது? எதைக் கொடாமல் வைத்துக்கொண்டது? 1829ஆம் ஆண்டின் ஆணையினின்றும் இது எவ்வாறு வேறுபடுகிறது? எட்டாம் வகுப்பு மாணவன் இவற்றுக்கு விடைதேட வல்லவன். அரசும் மிஷனெரிமாரும் எழுதியவை நம்மிடம் உள்ளன. அப்பெண்கள் எழுதியது எங்கே என்று ஒரு மாணவி கேட்பாளாயின், சான்று என்பதன் இயல்பை அவள் உணரத் தொடங்கிவிட்டாள்.

இக்கேள்வி நம்மையும் தொடுகிறது. சபைகளின் நூற்றாண்டு மலர்கள் தோள்சீலையை மிஷனெரிமார் பெற்றுத்தந்த உரிமையாகவே கூறுவது வழக்கம். அவர்கள் பட்ட பாடு மறைக்கத்தக்கதன்று. எனினும் அவர்கள் முதலில் நாடியது அடக்கமான உடை. அதற்குக் குப்பாயமே போதும். தோள்சீலையை வேண்டியவர்கள் அப்பெண்களே. அவர்களுக்கு அது மதிப்பின் அடையாளம். இவ்வேறுபாட்டைக் கூறாது விட்டால், பிள்ளைகள் தங்கள் முன்னோரை இரக்கம் பெற்றவர்களாக மட்டுமே அறிவர். மதிப்பைக் கோரி அடிபட்டவர்களாக அறியார்.

அடித்தோர் வழியினரும் அடிபட்டோர் வழியினரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்க, இப்பாடம் பகையை வளர்க்காதா என ஆசிரியர்கள் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் பிள்ளைகள் இத்தகைய செய்திகளை வீட்டிலும் ஊரிலும் ஒருதலையாகக் கேட்டே வளர்கின்றனர். இருதரப்பாரும் சேர்ந்து அமர்ந்து சான்றுகளோடு கேட்கக்கூடிய இடம் வகுப்பறையே. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்னும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தின் போதனை, இப்பாடத்தை நடத்துவோர்க்கு வேண்டிய துணிவையும் கனிவையும் தரும்.

ஆகவே பள்ளித் தாளாளர்களாகப் பணியாற்றும் குருமாரும் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் இறையியல் மாணவரும், பாடநூலில் இடமிருப்பினும் இல்லாவிடினும், இவ்வரலாற்றைப் பிள்ளைகள் முன் வைக்க முன்வருதல் வேண்டும். மேலே கூறிய இரு பிரகடனங்களின் சாரத்தையும் எளிய தமிழில் ஒரே தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுப்பது நல்ல தொடக்கமாகும்.