காத்திருக்கும் கிருமி

செகந்திராபாத்தில் வாழும் நம்மவர் பலர், பேகம்பேட்டையில் ராஸ் பெயர் தாங்கி நிற்கும் பழைய கட்டடத்தைக் கண்டிருப்பர். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் நோய்க் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது அந்நகரில்தான். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்த அவர், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுகிறது என்று மெய்ப்பித்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

கிருமி செல்லும் வழி தெரிந்தது. ஆயினும் ஒரு வினா எஞ்சியது. சுரப்பியை அடைந்த கிருமி, கொசு கடிக்கும்வரை நாட்கணக்கில் வளராமலும் உருமாறாமலும் இருப்பது எவ்வாறு?

உயிரணு ஒவ்வொன்றும் புரதங்களால் இயங்குவது. மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதப்படும். ரைபோசோம் என்னும் நுண்பொறி அதனைப் படித்துப் புரதத்தைக் கோக்கும். நகல் எழுதப்பட்டுவிட்டால் உடனே புரதம் உருவாக வேண்டும் என்பதில்லை. கையொப்பமான ஆணை, அனுப்பப்படாமல் கோப்பிலேயே கிடப்பதுண்டு அன்றோ? கிருமியும் அத்தகைய நிருவாகத்தை அறிந்தது.

எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இதனை விளக்கின. மனித இரத்தத்தைப் போன்றே எலியின் இரத்தத்திலும் தோன்றும் பெண் கிருமி, கொசுவினுள் தேவைப்படும் நகல்களை முன்னரே எழுதிப் பூட்டி வைக்கிறது என்று 2006-இல் தெரிந்தது. சுரப்பியில் தங்கும் கிருமியிலோ, ஒரு நொதி புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் காரணியின்மீது பாஸ்பேட் முத்திரையை இட்டு, வேலையைப் பெரிதும் அடக்குகிறது என்று 2010-இல் வெளியாயிற்று. ஈரலை அடைந்தபின் முத்திரை நீங்குகிறது, வளர்ச்சி தொடங்குகிறது. அந்நொதியை அகற்றினால், கிருமி கொசுவினுள்ளேயே அவசரப்பட்டு உருமாறித் தொற்றும் வலிமையை இழக்கிறது. பொறுமையே அதன் படைக்கலம்.

இஃது ஏட்டறிவு மட்டுமன்று. ஆர்ட்டெமிசினின் மருந்தால் தாக்குண்ட கிருமிகளிற் சில, வேறொரு நொதியால் இதே முத்திரையை இட்டு உறங்கிப் பிழைக்கின்றன என்றும், அந்நொதியைத் தடுத்தால் அவை மீண்டெழுவது தடைப்படுகிறது என்றும் 2017-இல் ஆய்வாளர் காட்டினர். எனவே, காய்ச்சல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்துவோர் உறங்கும் பகைவனை வீட்டில் வைத்துக் கதவடைப்பவரே ஆவர். மருத்துவர் குறித்த நாள்வரை உண்பதே அறிவுடைமை.