செல்வர் மகளும் புரட்சித் தளபதியும்

மெக்சிகோவில் 1910ஆம் ஆண்டு மூண்ட புரட்சி, நிலமுடையாரையும் நிலமற்றாரையும் எதிரெதிரே நிறுத்திற்று. அப்பிளவையே நகைச்சுவைக் காதற்கதையாக்கி, 1946இல் எமிலியோ பெர்னாண்டஸ் இயக்கிய படம் 'எனமொராடா'. காதல் வயப்பட்டவள் என்பது பெயரின் பொருள்.

சோலூலா என்னும் பழம்பதியைக் கைப்பற்றிய தளபதி ரேயெஸ், செல்வரிடம் பொருள் பறிக்கிறான். அவர்களுள் ஒருவர் மகளான பெயாட்ரிஸிடம் தன் நெஞ்சைப் பறிகொடுக்கிறான். அவளோ கன்னத்தில் அறைகிறாள். வெடி கொளுத்தி அவனைக் கலங்கடிக்கிறாள். ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகச் சாயல் இங்குத் தெளிவு. மரியா பெலிக்ஸின் செருக்கும் பெட்ரோ அர்மென்டாரிஸின் தடுமாற்றமும் கண்டு நகையாதார் இலர். இரவில் அவள் பலகணியின்கீழ்ப் பாட்டொலிக்க, கேப்ரியல் பிகெரோவாவின் ஒளிப்படக்கருவி அவள் விழிகளையே நோக்கி நிற்கும். சொல்லின்றி மனமாற்றம் சொல்லும் காட்சி அது!

முடிவில், அமெரிக்கர் ஒருவரை மணக்கும் வேளையில் பீரங்கி முழங்குகிறது; ஊரை அழிக்க விரும்பாத ரேயெஸ் போரிடாது வெளியேறுகிறான். அவள் முத்துமாலை அறுந்து சிதற, மணவினையை விட்டு ஓடுகிறாள்.

இதனை வர்க்கங்களின் இணைப்பு என்பர் சிலர். பெண்ணின் பணிவு என்பர் வேறு சிலர். ஆளுங்கட்சி 'நிறுவனப் புரட்சிக் கட்சி' எனப் பெயர் பூண்டதும் அதே 1946இல்தான். புரட்சி அரசாகிவிட்ட நாளில், பழம்பகை காதலால் தீர்ந்ததாகக் காட்டும் கதை பலருக்கும் உவப்பாயிருந்திருக்கும். ஆயினும் ஒன்று நோக்குக: பெயாட்ரிஸ் குதிரையேறவில்லை. ஆடவர் குதிரைமேல் செல்ல, படையோடு சமைத்தும் சுமந்தும் சிற்சிலபோது போரிட்டும் வந்த ஏழைப் பெண்களைப்போல, அவளும் பக்கத்தே நடந்தே செல்கிறாள்.