குழாய் வழியே பாடிய ரோஜர்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குரலை ஒரே சுருதியில் நிறுத்திக்கொண்டு 'ஆ... ஈ... ஊ...' என்று இழுத்துச் சொல்லுங்கள். சுருதி மாறவில்லை, எழுத்து மட்டும் மாறுகிறது. மாற்றியது தொண்டையன்று, நாவும் உதடுகளும் தாடையுமே. குரல் நாண்கள் எழுப்புவது வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் ஒலி. அதில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் கலந்திருக்கும். வாய் தன் வடிவத்துக்கேற்பச் சிலவற்றை ஓங்கச் செய்து, மற்றவற்றை அடக்குகிறது. ஆண் குரலின் 'ஆ'வில் வினாடிக்கு ஏறத்தாழ 700, 1,100 அதிர்வுகளை ஒட்டிய பகுதிகள் ஓங்கும். 'ஈ'யில் 300, 2,300 அதிர்வுகளை ஒட்டியவை. மோர்சிங் வாசிப்பவர் வாயின் வடிவத்தை மாற்றி வகைவகையான ஒலிகளைப் பெறுவதும் இதனால்தான்.

குரல் நாண்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அவற்றின் வேலையை ஓர் இசைக் கருவியிடம் ஒப்படைத்தால் என்ன? அமெரிக்க ஸ்டீல் கிதார் கலைஞர் பீட் டிரேக் 1964இல் அதைத்தான் செய்தார். கிதாரின் ஒலியை ஒரு குழாய் வழியே தம் வாய்க்குள் செலுத்தி, கிதாரையே பேச வைத்தார். 1973இல் பாப் ஹைல் என்ற ஒலிப் பொறியாளர் பெரிய மேடைகளுக்கேற்ற ஆற்றல்மிக்க கருவியைச் செய்தார். 'டாக் பாக்ஸ்' என்று இதற்குப் பெயர்.

அமைப்பு எளியதுதான். திருவிழாக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியின் பின்புறம் உருண்டையாக ஒரு பகுதி இருக்குமே, சவுண்டு சர்வீஸ்காரர்கள் 'யூனிட்' என்பது, அதைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை வாயோரம் வைத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து வெளிவரும் ஒலியை மைக் வாங்கிக்கொள்ளும்.

இந்தக் குழாயைத் தம் குரலாகவே ஆக்கிக்கொண்டவர் ரோஜர் டிரவுட்மன். ஒஹையோ மாநிலத்து ஹாமில்டனில் 1951இல் பிறந்தவர். சகோதரர்களுடன் 'ஜாப்' என்ற குழுவை நடத்தினார். 1980இல் வெளிவந்த 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்' முதல் 1995இன் 'கலிபோர்னியா லவ்' வரை அந்தக் குரலைக் கேட்கலாம். கிதாருக்குப் பதில் அவர் குழாயில் இணைத்தது சிந்தசைசர். 1999 ஏப்ரல் 25ஆம் நாள் டேட்டன் நகரில் சுடப்பட்டு இறந்தார். வயது 47.

அந்த ஒலியை மீட்டுவிட வேண்டும் என்று விரும்புவோர் இன்றும் பலர். அவர்களில் சிலர் 'வோக்கோடர்' என்ற கருவியைத் தேடிப் போகின்றனர். அது தவறான வழி. வோக்கோடர் பேச்சை மின்சுற்றுகளால் பல அலைவரிசைகளாகப் பிரித்து இன்னோர் ஒலியின்மேல் ஏற்றுவது. டாக் பாக்ஸில் அந்த வேலை முழுவதும் வாயுடையது. வேறு சிலர், ரோஜர் பிற்காலத்தில் வாசித்த யமஹா டிஎக்ஸ் 100 என்ற சிறு சிந்தசைசரையே தேடி வாங்குகின்றனர். பயனில்லை என்று சொல்ல மாட்டேன். குழாயில் செலுத்தும் ஒலியில் உயர் மடங்குகள் நிறைய இருந்தாக வேண்டும். புல்லாங்குழல் போன்ற மென்மையான ஒலியைச் செலுத்தினால், 'ஈ'க்கு வேண்டிய 2,300ஐ ஒட்டி எதுவுமே இராது. இல்லாததை வாய் எப்படி ஓங்கச் செய்யும்? ஆகவே தனியே கேட்டால் காதைக் கூசச் செய்யும் கூர்மையான ஒலியே இதற்கு ஏற்றது.

ஆனால் கருவி தருவது குரல் நாண்களை மட்டுமே. மற்றதெல்லாம் பயிற்சி. சொற்களை உச்சரிக்க வேண்டும். தொண்டையோ வாய்மூடி இருக்க வேண்டும். பிறந்தது முதல் இவ்விரண்டையும் சேர்த்தே பழகிய நமக்கு இது எவ்வளவு கடினம் தெரியுமா? குழாய் நாவின் வழியை அடைக்கும். 'ஸ்' என்ற ஒலி காற்றின் சீறல். அது குழாயில் வராது, மூச்சுவிட்டுத்தான் உண்டாக்க வேண்டும். இதற்கிடையே, பாடகர் குரலில் செய்யும் குழைவையும் அசைவையும் விரல்கள் விசைப்பலகையில் செய்ய வேண்டும். என் கருத்தில் ரோஜரின் தனிச்சிறப்பு இங்கேதான்: அவருடைய விரலும் நாவும் ஓரிடத்திலும் பிசகுவதில்லை.

முடியாத காரியமும் அன்று. 2016இல் வெளிவந்த புருனோ மார்ஸின் '24கே மேஜிக்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். அந்தக் குழாய்க் குரல் 'மிஸ்டர் டாக்பாக்ஸ்' என்ற பெயரில் வாசிக்கும் பைரன் சேம்பர்ஸுடையது. ரோஜரின் பாணி உடனே நினைவுக்கு வருகிறது. பிறகு ஜாப் குழுவின் இசைத்தட்டு ஒன்றையும் போட்டுக் கேளுங்கள். வாய் வேறு என்பது உங்களுக்கே தெரியும்.