பத்து பிராங்க் கூலி

காரைக்காலில் பிரெஞ்சுக் காலம் என்றால் சொல்தா வீடுகளும் பென்ஷனும்தான் பேச்சில் வரும். நான் வளர்ந்த தலத்தெருவிலும் அப்படித்தான். இதே காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய பெண்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானரின் வயலில் நிற்க விரும்பவில்லை. அந்த இடத்தை ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு நிரப்பினார்கள். 1853இல் மர்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் சேர்ந்தன. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள்சேர்க்க வழிவிட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி வேலை. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். அங்கே மாதக் கூலி ஆணுக்கு 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10.

புதிய மண்ணோடு ஒத்துப்போனவர்கள் வேலையையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்கள் எதோடு ஒத்துப்போனார்கள்? பிள்ளைக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; மாரியம்மனுக்கும் பூசை போட்டார்கள். குவாதலூப்பில் அவள் 'மாலியெமேன்' ஆனாள். ரெயூனியன் தீவில் திரௌபதிக்காகத் தீமிதித்தார்கள். தோட்ட முதலாளிகள் பொங்கலுக்கு விடுப்பு கொடுத்தது பக்தியால் அல்ல. அந்த நாட்களை மறுத்தால் மற்ற நாட்களில் ஆளை வயலில் நிறுத்துவது கடினம். கூலிக்காரருக்கோ அந்த நாட்கள்தான் வேலைக்குப் போட்ட எல்லை. கரும்பு வெட்டுவது தவணை முடியும்வரை செய்யும் காரியம். அதுவே தங்கள் அடையாளம் என்று அவர்கள் ஒப்பவில்லை.

அந்த எல்லையைக் காத்ததில் பெண்களின் பங்கு பெரிது. வயலில் பகல் முழுக்க நின்றவள்தான் திரும்பிவந்து மசாலா அரைத்தாள், விரதம் இருந்தாள், தாலாட்டைத் தமிழில் பாடினாள். இன்றும் அத்தீவுகளில் 'கொலம்போ' என்ற குழம்பு கொதிக்கிறது. மறுநாள் காலை எல்லோரும் வயலுக்குப் போக முடிந்தது இந்த வேலையால்தான். அதன் பலன் முதலாளிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் கூலி இல்லை.

கூலிகளின் மகனான ஹென்றி சிதம்பரம் குவாதலூப்பில் இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1904இல் வழக்காடத் தொடங்கி 1923இல் வென்றார். அந்த வெற்றி ஆண்களுக்கானது. பிரெஞ்சுச் சட்டம் பெண்களுக்கு வாக்களித்தது 1944இல்தான். பத்து பிராங்குக்குக் கரும்பு வெட்டியவளின் மகள் இன்னும் இருபத்தோரு ஆண்டுகள் காத்திருந்தாள்.