கோடரி முதல் சங்கிலி ரம்பம் வரை: கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் விறகுத் தொழிலும் உடற்பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் விறகு வெட்டும் கருவிகள் மாறிய வரலாற்றை எரிபொருள் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கைக்கருவியில் பெற்ற பழக்கம் பொறிக்கருவியில் எவ்வாறு இடராக மாறுகிறது என்பதும், அவ்விடரைத் தொழிற்சட்டங்கள் எந்த அளவுக்குக் கருத்திற்கொண்டன என்பதும் இதன் மையப் பொருள்கள்.

திறவுச்சொற்கள்: விறகு, சவுக்கு, கோடரி, சங்கிலி ரம்பம், தானே புயல், தொழிற்சட்டம்.

முன்னுரை

விறகு விற்பவன் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவன் அல்லன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இறைவனே விறகு சுமந்து விற்கிறான். ஆயினும் விறகைத் துண்டாக்கிய கருவிகளின் வரலாறு தமிழில் அரிதாகவே எழுதப்பட்டுள்ளது. வேளாண் கருவிகளுக்குக் கிடைத்த கவனம் கோடரிக்கும் ரம்பத்துக்கும் கிடைக்கவில்லை. இக்குறையைக் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களை முன்வைத்து ஓரளவு நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது.

சவுக்கும் கோடரியும்

பழைய தென்னார்க்காட்டின் கடற்கரை மணல் சவுக்கு வளர்ப்புக்கு ஏற்ற நிலமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு இருப்புப்பாதை எஞ்சின்களின் விறகுத் தேவை முதன்மைக் காரணம். 1870களில் கடலூர், சிதம்பரம் வழியாக இருப்புப்பாதை அமைந்தபோது, விறகை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பும் வழியும் திறந்தது.

சவுக்கு நேராக வளர்வது. சில ஆண்டுகளிலேயே வெட்டப்படுவதால் அதன் அடிமரம் பெருப்பதில்லை. கட்டை, மிலார், வேர் என அதன் எல்லா உறுப்பும் எரிபொருளாகும். இத்தகைய மரத்திற்குக் கோடரி போதுமானது. பருத்த மரங்களுக்கு மட்டும் இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பமும் ஆப்பும் தேவைப்பட்டன.

இக்கருவிகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. மனிதன் கை ஓய்ந்தால் கருவியும் ஓயும். இருவர் ரம்பத்தில் ஒருவர் தனித்து இயங்கவும் இயலாது. ஆபத்தில் அழைக்க அருகே ஆள் உண்டு. கட்டையைக் காலால் மிதித்துப் பிடிப்பதும், ஓசையைக் கேட்டே மரம் முறியும் தருணத்தை அறிவதும் இக்கருவிகளோடு வளர்ந்த உடலறிவாகும்.

எரிபொருள் மாற்றம்

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அங்கு உருவான ‘லெக்கோ’ கரிக்கட்டி நகர வீடுகளில் விறகுக்கு மாற்றாக அமைந்தது. பின்னர் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்தன. வீட்டு அடுப்பில் விறகு குறைந்தபோதும், செங்கல் சூளை, திருமண மண்டபச் சமையல், தேநீர்க் கடை, சுடுகாடு ஆகியவற்றில் அதன் தேவை நீடித்தது. தேவை சில இடங்களில் குவிந்ததால், குறைந்த ஆட்களைக் கொண்டு விரைவாக அறுக்கும் பொறிக்கு மதிப்பு கூடியது.

பொறியின் வருகை

ஆந்திரேயாஸ் ஷ்டீல் 1926இல் ஜெர்மனியில் மின்சாரச் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். மரத்தைக் குடையும் புழுவின் தாடையைக் கண்டு அமெரிக்கரான ஜோசப் காக்ஸ் 1947இல் அமைத்த பல்வடிவமே இன்றைய சங்கிலிகளுக்கு அடிப்படை. கை வழுக்கினாலோ ரம்பம் எகிறினாலோ சங்கிலியை நிறுத்தும் தடை 1970களில்தான் பரவலாயிற்று. அதாவது, பாதுகாப்பு கருவிக்குப் பல பத்தாண்டுகள் பின்தங்கியே வந்தது.

பட்டறையில் உள்ளூரிலேயே இணைக்கப்படும் வட்ட ரம்பங்களில் இப்பின்தங்கல் மேலும் தெளிவாகப் புலப்படும். பழைய எஞ்சின் அல்லது டிராக்டர், ஒரு பெல்ட், இரும்புச் சட்டம், வட்டத் தகடு ஆகியவை இருந்தால் விறகு அறுக்கும் பொறி தயார். அறுப்பதற்கு இன்றியமையாதவை மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. தகட்டின் மேல்மூடியும், பிளவு மூடித் தகட்டை இறுக்காமல் காக்கும் பின்தகடும் அறுப்பதற்குத் தேவையற்றவை, ஆதலால் விடுபடுகின்றன.

தானே புயலும் சாய்ந்த மரமும்

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றுடன் கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளின் பலாவும் முந்திரியும் பெருமளவில் வீழ்ந்தன. பல தலைமுறை வளர்ந்த மரங்கள் விறகாயின.

நிற்கும் சவுக்கை வெட்டும் அறிவு இங்கே போதாது. இருமுனையும் தரையில் ஊன்றி நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்தே முழுதும் அறுத்தால், பிளவு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே சிறிது அறுத்துப் பின் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒருமுனை மட்டும் ஊன்றியிருப்பின் இம்முறை தலைகீழாகும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டைத் துண்டித்தவுடன், மண்பிடித்த வேர்த்தொகுதி மீண்டும் குழிக்குள் நிமிர்ந்துவிழக்கூடும். அருகில் நிற்பவர் உயிரிழக்க நேரும்.

இதில் பழைய உடலறிவே இடராகிறது. கோடரிக்காரர் காலால் மிதித்துப் பிடித்த அதே பழக்கம், சங்கிலிக்கு முன்னே காலை வைக்கிறது. எஞ்சினின் இரைச்சல் மரம் முறியும் ஓசையை மறைக்கிறது. இருவர் வேலை ஒருவர் வேலையாகிறது. ரம்பத் தகட்டு நுனியின் மேற்பகுதி கட்டையில் பட்டால் அது கணப்பொழுதில் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். கோடரியில் இதற்கு இணையான அனுபவம் இல்லை. கட்டையைத் தாங்க இரு கழிகளைக் குறுக்காகக் கட்டிய கவைத்தாங்கி, தலைக்கவசம், காதடைப்பு, சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் கொண்ட காலுறை ஆகியன இவ்விடர்களுக்கான மாற்றுகளாகும்.

சட்டத்தின் பார்வை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால், அச்சட்டத்தின்படி விசை கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது பணிபுரிந்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. தோப்புக்குத் தோப்பு நகரும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு அவ்வரையறைக்குள் வரவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளியைச் சுட்டுமாறு கோரியது. தோப்பு உரிமையாளர், மர வணிகர், ரம்ப உரிமையாளர் ஆகியோரிடையே அப்பொறுப்பு மங்கிப்போனது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வழிவந்த நலவாரிய உதவி பெரிதும் விபத்துக்குப் பின் கிடைப்பது. விபத்தைத் தடுப்பது அன்று.

முடிவுரை

விறகுத் தொழிலில் விபத்தைக் கவனக்குறைவு என்று மட்டும் விளக்குவது வரலாற்று நோக்கில் நிறைவற்றது. கைக்கருவியோடு தலைமுறைகளாகக் கைமாறிய அறிவு பொறியோடு வரவில்லை. அவ்வெற்றிடத்தைச் சட்டமும் நிரப்பவில்லை. புயல் அடிக்கடி தாக்கும் இக்கடற்கரையில் சாய்ந்த மரம் விதிவிலக்கு அன்று. எனவே, சாய்ந்த மரத்தை அறுக்கும் முறையைக் கற்பிப்பது புயல் ஆயத்தப் பணிகளுள் ஒன்றாகக் கருதப்பட வேண்டும். விறகு வெட்டுவோரின் வாய்மொழி அனுபவங்களைத் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.