தானே போகும் நினைவூட்டுக் கடிதம்

நம் காலத்து அலுவலகங்களில் ரிமைண்டர் என்றால் அது ஒரு தாள். பதில் வராவிட்டால் முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று போகும். அதற்கும் அசையாவிட்டால் டி.ஓ. கடிதம். எந்தக் கோப்பு எந்தத் தேதியில் மீண்டும் மேசைக்கு வர வேண்டும் என்பது எழுத்தரின் தன்பதிவேட்டில் இருக்கும். அவர் விடுப்பில் போனால் நினைவூட்டும் அவரோடு விடுப்பில் போய்விடும்.

இன்று நம்மில் பலர் குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறோம். பிள்ளைகள் ட்ரெல்லோ போன்ற ஒரு வேலைப்பட்டியல் மென்பொருளை அமைத்துத் தருகிறார்கள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது என்று அது தானாகவே மெயில் அனுப்புகிறது. புரோகிராம் எழுதத் தெரியாதவர் கணினிக்கு இப்படி உத்தரவு போடும் நிலைக்கு வரச் சுமார் 40 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற இடத்தில் பெல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் உருவாக்கிய யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979-ல் வெளிவந்தது. அதில் 'கேலண்டர்' என்று ஒரு சிறிய கட்டளை உண்டு. செய்ய வேண்டியவற்றைத் தேதியோடு, வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் போதும். ஊர் உறங்கும் நேரத்தில் கணினி ஒவ்வொருவர் கோப்பையும் புரட்டும். இன்றைய தேதியோ நாளைய தேதியோ உள்ள வரிகளைப் பொறுக்கி அவரவருக்கு அஞ்சலாக அனுப்பிவிடும். வார இறுதியில் 'நாளை' என்பது திங்கட்கிழமை வரை நீளும். அலுவலக வழக்கம் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

ஆனால் அதற்குத் தேதி மட்டுமே தெரியும். 'இந்த வேலை முடியாமல் இருந்தால் மேலதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும்' என்று சொல்ல வேண்டுமானால் புரோகிராமரிடம்தான் போய் நிற்க வேண்டும். அலுவலக விதி எழுத்தருக்குத் தெரியும். கணினியின் மொழி புரோகிராமருக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் வேலை தங்கிவிடும்.

இந்த இடைவெளியை அடைக்க முயன்றவர்களில் ஒருவர் ஐ.பி.எம். ஆய்வாளர் மோஷே ஸ்லூஃப். 1970களில் அவர் ஒரு வழி கண்டார். திரையில் காலி அட்டவணை ஒன்று தோன்றும். நமக்கு வேண்டியதற்கு ஓர் உதாரணத்தை அதில் நிரப்பினால், கணினி அதைப் புரிந்துகொண்டு விவரங்களைத் தேடித் தரும். 1982-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இதையே கடிதங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் விரித்தது. இன்ன நிலை வந்தால் இந்தக் கடிதம் இவருக்குப் போகட்டும் என்பதையும் அட்டவணையிலேயே நிரப்பி வைக்கலாம் என்றார். படிவம் நிரப்புவது எந்த அலுவலக ஊழியருக்கும் கைவந்த கலைதானே!

1987-ல் எம்.ஐ.டி.யில் தாமஸ் மலோனும் அவர் குழுவினரும் 'இன்ஃபர்மேஷன் லென்ஸ்' என்ற முறையை விவரித்தார்கள். வரும் மின்னஞ்சல்களைப் பிரிக்க 'இப்படி இருந்தால், இப்படிச் செய்' என்ற விதிகளைப் பயன்படுத்துபவரே படிவம் நிரப்பி அமைக்கலாம். 1990களில் சாதாரண மெயில் மென்பொருள்களிலேயே இத்தகைய விதிகள் வந்துவிட்டன.

அப்புறமும் ஒரு தடை இருந்தது. வேலைப்பட்டியல் ஒரு நிறுவனத்திடம், மின்னஞ்சல் இன்னொரு நிறுவனத்திடம். 2000க்குப் பிறகு இணையச் சேவைகள் மற்ற மென்பொருள்கள் வந்து தட்டுவதற்கென்று ஒரு வாசலைத் திறந்து வைத்தன. அதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அந்த வாசலைத் தட்டவும் முதலில் புரோகிராம்தான் தேவைப்பட்டது. 2010 டிசம்பரில் லிண்டன் டிபெட்ஸ் அறிவித்த இஃப்ட் என்ற சேவை, 'இது நடந்தால் அதைச் செய்' என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது. 2011-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் மூன்று இளைஞர்கள் ஸேப்பியரைத் தொடங்கினார்கள். அலுவலக மென்பொருள்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதே அதன் தொழில். அதே 2011-ல் வந்த ட்ரெல்லோவை 2017-ல் அட்லாசியன் நிறுவனம் வாங்கியது; மறு ஆண்டு பட்லர் என்ற துணைக்கருவியையும் வாங்கி ட்ரெல்லோவுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. 'கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பு இன்னாருக்கு மெயில் அனுப்பு' என்பதைப் பட்டன்களைத் தேர்ந்தெடுத்தே சொல்லிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எது நடந்தால் என்பது ஒரு பாதி. என்ன செய்ய வேண்டும் என்பது மறு பாதி. நடுவில் வேண்டுமானால் ஒரு நிபந்தனை. நம் அலுவலக நடைமுறைகள் எல்லாம் இந்த வடிவத்தில்தான் இருந்தன என்பதால் நம் வயதினருக்கு இது சிரமமே இல்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தாளில் போன ரிமைண்டருக்கு ஒரு விலை இருந்தது. டைப் அடிக்க ஒருவர், கையெழுத்துப் போட ஒருவர், தபால்தலை. ஆகவே யோசித்துத்தான் அனுப்பினோம், வந்ததைப் படித்தோம். கணினிக்குச் செலவில்லை, ஒரே விஷயத்துக்கு எல்லோருக்கும் பத்து மெயில் போகும், பதினோராவது முக்கியமானதாக இருந்தாலும் யாரும் திறக்க மாட்டார்கள். எனவே, ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு மட்டும் ஒரு மெயில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, இந்த விதிகள் யாரோ ஒருவருடைய கணக்கில்தான் ஓடுகின்றன. அவர் பதவி விலகிக் கணக்கை மூடினாலோ, மென்பொருள்களுக்கிடையே அவர் கொடுத்த அனுமதி காலாவதியானாலோ, மெயில் நின்றுபோகலாம். வராத மெயிலை யார் கவனிப்பார்கள்? தன்பதிவேட்டையாவது அடுத்து வந்தவர் எடுத்துப் புரட்ட முடிந்தது. உங்கள் சங்கத்தில் என்னென்ன விதிகள், யார் கணக்கில் ஓடுகின்றன என்பதை மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். புதிய செயலாளர் பொறுப்பேற்கும் அன்றே அந்தப் பக்கத்தைக் காட்டி, விதிகளை அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.